காலடியில் இருக்கும் தண்ணீர்

பூமியிலுள்ள நீரில் நூற்றுக்கு 97 பங்கு உப்புநீர். மிச்சமுள்ள நன்னீரில் பெரும்பகுதி பனியாக உறைந்து கிடக்கிறது; 30 பங்கு நிலத்துக்கடியில். ஆறு, ஏரி, குளமெல்லாம் சேர்ந்தும் ஒரு பங்கு தேறாது.

சோத்துப்பாறை அணையும் வராக நதியும் கண்ணெதிரே இருப்பதால் நாம் இதை நினைப்பதில்லை. நம் பெரியகுளத்து மண்ணுக்கடியில் கடும்பாறை. அதன் வெடிப்புகளில்தான் நீர் தங்கும். வெடிப்பு அகப்படாவிட்டால் ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதிதான் பறக்கும், கடன்தான் மிஞ்சும். மகள் கல்யாணத்துக்குச் சேர்த்ததை அந்தக் குழியில் போடுமுன், மொட்டைமாடி மழைநீரை மணலும் ஜல்லியும் போட்டு வடிகட்டி, தூர்ந்த கிணற்றைத் தூர்வாரி அதில் விடுவோம். ஐப்பசி மழைக்குள் முடித்துவிடலாம். பள்ளிவாசலில் ஒளுச் செய்த தண்ணீர் சோப்பில்லாததுதானே, அதைச் சாக்கடைக்கு அனுப்பாமல் தென்னைக்குத் திருப்புவோம்.