தியேட்டர் வழிபாட்டுத் தலமானால்

பழைய தியேட்டர் மூடினால் கல்யாண மண்டபமோ அடுக்குமாடியோதான் வரும் என்று நினைப்பீர்கள். லண்டனிலும் நியூயார்க்கிலும் பல தியேட்டர்கள் வழிபாட்டுத் தலங்களாகிவிட்டன.

லண்டன் ரேய்னர்ஸ் லேனில் 1936-இல் திறந்த க்ரோவ்னர் தியேட்டர் இன்று ஜொராஸ்ட்ரியர் மையம். நம் ஊர்ப் பார்சிகளின் மதம்தான். முகப்பில் யானைத் துதிக்கை மாதிரி ஒரு வளைவு, பார்க்க வேண்டியது. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட கட்டடம். இஷ்டத்துக்கு இடிக்க முடியாது.

நியூயார்க் 175-ஆவது தெருவில் லோவ்ஸ் தியேட்டர் 1930-இல் திறந்தது. மூவாயிரத்துக்கும் மேல் இருக்கைகள். வீட்டுக்கு வீடு டி.வி. வந்தபின் இத்தனையும் நிரம்புமா? 1969-இல் ரெவரெண்ட் ஐக் என்ற போதகர் வாங்கினார். மறைக்காத பெரிய கூடம், சரிவான தரை, மேடை எல்லாம் தயார். பிரசங்கத்துக்கு வேறென்ன வேண்டும்?

நான் லெட்ஜர் பார்த்தே தலை நரைத்தவன். வாங்கிய விலையைவிட வருஷாவருஷம் ஆகும் பராமரிப்புச் செலவுதான் என் கண்ணில் படும். அவ்வளவு பெரிய கூரை ஒழுகினால் காணிக்கை மட்டும் போதுமா? வழிபாட்டு நாள் தவிர மற்ற நாட்களில் பூட்டிக் கிடந்தால், அக்கம்பக்கத்தாருக்கு மிஞ்சுவது வாசலில் நிற்கும் கார்கள்தான்.

அந்த நியூயார்க் கூடத்தைக் கச்சேரிகளுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். யுனைடெட் பேலஸ் என்பது இன்றைய பெயர். சினிமாவும் மறுபடி காட்டியிருக்கிறார்கள். வழிபாட்டுக்கு வராத தெருக்காரர்களும் டிக்கெட் வாங்கி உள்ளே போய், மேலே உள்ள அலங்கார வேலைப்பாட்டை அண்ணாந்து பார்க்கலாம். 2023-இல் டோனி நாடக விருது விழாவே அங்கேதான் நடந்தது.