கேளாதவள் பேசினால் சபை கேட்குமா?

(தாங்குநர்கள் கூடுகையில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



 ஊன்றுகோலுக்கும், மூன்று சக்கர வண்டிக்கும், காது கேட்கும் கருவிக்கும் நீங்கள் தாராளமாய்க் கொடுத்து வருகிறீர்கள். இன்று நான் ஒரு நாற்காலியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நம் ஊராட்சி அலுவலகத்திலும் பேரூராட்சி மன்றத்திலும் உறுப்பினர்களுக்குப் போடுகிற நாற்காலி அது.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994ஆம் ஆண்டு வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்ததென்று நாம் மகிழ்ந்தோம். அதே சட்டம், காது கேளாத, வாய் பேச இயலாத ஒருவர் தேர்தலில் நிற்கத் தகுதியற்றவர் என்றது. தொழுநோய் கண்டவருக்கும் அதே கதிதான். குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரோடும் திவாலானவரோடும் இவர்களையும் ஒரே பட்டியலில் வைத்திருந்தார்கள். ஆக, காது கேளாத ஒரு பெண்ணுக்கு ஒரு கதவு திறந்தபோதே இன்னொரு கதவு சாத்தப்பட்டது. 2016ஆம் ஆண்டு தமிழகத்தில் பெண்களுக்கான பங்கு பாதியாக உயர்ந்தது. அதே ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அதற்குப் பிறகுதான் அந்தப் பழைய தடை நீங்கிற்று.

தடை நீங்கினாலும் இடம் தானாக வந்துவிடவில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11 லட்சத்துக்கும் மேல். ஆனால் 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் சட்டமன்றத்தில் பேசியபோது, நகர உள்ளாட்சிகள் அனைத்திலும் சேர்த்து மாற்றுத்திறனாளி உறுப்பினர்கள் 35 பேர்தான் என்றார். அந்தக் குறையைப் போக்கவே, மாற்றுத்திறனாளிகளை உள்ளாட்சி மன்றங்களில் நியமன உறுப்பினர்களாக அமர்த்தும் இரண்டு மசோதாக்கள் அந்த மாதம் நிறைவேறின. நகர உள்ளாட்சிகளில் சுமார் 650 பேருக்கும், கிராம ஊராட்சிகளில் 12,000க்கும் மேற்பட்டோருக்கும் இதனால் இடம் உண்டு. கோவையில் தொடங்கி அன்னூர், சூலூர், பொள்ளாச்சி, வால்பாறை வரைக்கும் இது பொருந்தும்.

எனக்கன்பானவர்களே, நாற்காலி வந்துவிட்டது. அதில் யார் உட்காரப் போகிறார்கள் என்பதே இனி கேள்வி. ஒரு மன்றத்துக்கு ஒரே இடம் என்றால், ஊரில் நாலு பேருக்குத் தெரிந்த, நன்றாகப் பேசத் தெரிந்த ஓர் ஆணே முதலில் போய் நிற்பார். காது கேளாத பெண் கடைசியில்தான் நிற்பாள். அப்படியே அவளுக்குக் கிடைத்தாலும், அண்ணனோ வீட்டுக்காரரோ பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்காகப் பேசிவிட்டு, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை மாத்திரம் அவளுக்குக் காட்டினால், அந்த நாற்காலி மறுபடியும் காலிதான்.

நம் ஊர் அரசியல் முழுவதும் காதை நம்பி நடக்கிறது. ஓட்டுக் கேட்டு வரும் ஆட்டோவில் மைக். கிராம சபையில் மைக். டீக்கடைப் பெஞ்சில் வாய்ப்பேச்சு. குடிதண்ணீர்க் குழாய் எந்த வீதிக்கு வருகிறது, ஊரக வேலை யாருக்கு என்பதெல்லாம் அவளுக்கு முன்னாலேயே பேசி முடிக்கப்படுகிறது. கேட்டால், "அம்மிணிக்கு இதெல்லாம் எதுக்குங்க?" என்கிறோம்.

பேச்சிழந்திருந்த சகரியாவை நினைத்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பெயரை உறவினர்கள் முடிவு செய்தாயிற்று. ஆனாலும் தகப்பனிடம் சைகையால் கேட்டார்கள். அவர் எழுத்துப் பலகை வாங்கி எழுதினார். அவர் எழுதியதே நிலைத்தது. கேட்பதற்கு ஒரு சைகையும், பதில் சொல்ல ஒரு பலகையும் போதுமாயிருந்தது.

இது நம் காலத்திலும் நடந்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வில்மா நியூஹௌட் ட்ரூகன் என்னும் காது கேளாத பெண்மணி 1999ஆம் ஆண்டு நாடாளுமன்ற உறுப்பினரானார். அவர் சைகை மொழியில் பேசினார். மொழிபெயர்ப்பாளர் அதைக் குரலில் சொன்னார். 2023ஆம் ஆண்டு அந்த நாடு சைகை மொழியைத் தன் பன்னிரண்டாவது ஆட்சிமொழியாக ஏற்றுக்கொண்டது.

நாம் என்ன செய்யலாம்? ஆண்டுக்கு ஆறு நாட்கள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த ஆறு நாட்களுக்கு ஒரு சைகை மொழிபெயர்ப்பாளரின் சம்பளத்தையும் பஸ் செலவையும் ஒரு திருச்சபை ஏற்கலாம். அவர் அவளுடைய வார்த்தையைச் சொல்லவேண்டும். தன் யோசனையைச் சொல்லலாகாது. கூட்டப் பொருளை முன்கூட்டியே எழுத்தில் வாங்கி, அவளோடு உட்கார்ந்து வாசித்து விளக்க நம் வாலிபப் பெண்களை அனுப்பலாம். சைகை மொழி கற்க வாய்க்காமல் வீட்டுச் சைகையோடே வளர்ந்த சகோதரிகளுக்கு முதலில் அந்த மொழியையும் எழுத்தையும் கற்றுக்கொடுக்கவேண்டும். இதற்குக் காலமும் பொறுமையும் பிடிக்கும்.

நடக்க இயலாத, பார்வையற்ற சகோதரிகளையும் மறக்கவேண்டாம். பார்வையற்றவர் வாக்குச்சாவடிக்குப் பதினெட்டு வயது நிரம்பிய ஒரு துணையை அழைத்துச் செல்லலாம். 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனமுள்ளவர் 12டி படிவம் கொடுத்தால், சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களில் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கையிலிருந்து ஐந்தே நாட்களுக்குள் அதைக் கொடுத்துவிடவேண்டும். பலருக்கு நாள் கடந்த பிறகே இது தெரியவருகிறது.

யாருக்கு ஓட்டுப் போடுவது என்று நாம் ஒருக்காலும் சொல்லமாட்டோம். எந்தக் கட்சியில் சேருவாள், எதை எதிர்ப்பாள் என்பது அவளுடைய இஷ்டம். நமக்குப் பிடிக்காததை அவள் கேட்டாலும் அவளுக்குத் துணைநிற்க நாம் ஆயத்தமா? அங்கேதான் நம்முடைய ஈகை சோதிக்கப்படுகிறது.

கடைசியாக ஒன்று. ஊர்ச் சபையைச் சொல்லிவிட்டு நம் திருச்சபையை விட்டுவிடக்கூடாது. உங்கள் சபையின் கமிட்டியில் காது கேளாத ஒரு சகோதரி இருக்கிறாரா? இல்லையென்றால், வரும் தேர்தலில் ஒருவரை நிறுத்துங்கள். அவள் பக்கத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்காரவையுங்கள். கூட்டம் கொஞ்சம் மெதுவாய் நடக்கும், நடக்கட்டும். அங்கே பழகியவள் ஊராட்சி மன்றத்திலும் தைரியமாய்க் கை உயர்த்துவாள்.