உறக்கமும் உரிமமும்



குடியிருப்புக்கு நடுவே நள்ளிரவு வரை நடைபெறும் மதுக்கூடத்தின் இரைச்சலைக் குறித்து அத்தெருவார் முறையிட விரும்பினால், அதனை எவ்வாறு செய்தல் வேண்டும் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். மாணவர்க்கு மதுக்கூடத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் ஐயுறக்கூடும். இது மதுவைப் பற்றிய பேச்சன்று; முறையிடும் முறையைப் பற்றிய பேச்சு. அம்முறையை அறியாமல் நானே ஒருமுறை தவறினேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெரு முனையிலுள்ள உணவு விடுதியில் மதுக்கூடம் ஒன்று தொடங்கப்பெற்றது. அதன் மொட்டைமாடியில் வைத்த ஒலிபெருக்கி நள்ளிரவு கடந்தும் ஓயவில்லை. சன்னல்களை அடைத்தாலும் முழவோசை போன்ற தாழ்ந்த ஒலி சுவர்களை ஊடுருவி வந்தது. அடுத்த வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டுப் பெரியவர் நெஞ்சுநோயாளர். தெருவார் கூடிவந்து, "ஐயா, மனுவை நீங்கள்தாம் எழுதித் தரவேண்டும்" என்றனர்.

மூன்று பக்கம் எழுதினேன். மதுவினால் குடும்பங்கள் கெடுவதையும் ஒழுக்கம் தாழ்வதையும் விரித்துரைத்தேன். அலுவலகத்திலிருந்த இளைஞர் அதனைப் பொறுமையுடன் படித்துவிட்டு, "ஐயா, தாங்கள் எழுதியவை மெய்யாகவே இருக்கட்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வீட்டில் ஒலி கேட்டது என்பது இதில் இல்லையே?" என்றார். கேட்ட வினாவை விடுத்து வேறு விடை எழுதிய மாணவர்களுக்கு முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மதிப்பெண் குறைத்தவன் நான். அன்று எனக்குக் குறைந்தது.

வீடு திரும்பிச் சட்டத்தைப் படித்தேன். நம் நாட்டில் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் இயற்றப்பட்டன. அவற்றின்படி குடியிருப்புப் பகுதிக்குரிய ஒலியளவு பகலில் 55 டெசிபல். இரவில் 45 டெசிபல். இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. தனியார் இடத்து ஒலிக்கருவியின் ஓசை, அவ்விடத்தின் எல்லையில் இந்த அளவினை 5 டெசிபலுக்கு மேல் விஞ்சலாகாது. 5 என்பது சிறு தொகை என்று எண்ணிவிடாதீர்கள். டெசிபல் அளவையில் 10 கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது.

பின்னர் வீட்டுக்கு ஒரு குறிப்பேடு வைத்தோம். மூன்று வாரம் நாளும் நேரமும் எழுதினோம். ஏடுகளை ஒப்புநோக்கியபோது ஓர் உண்மை புலப்பட்டது. மாடியிலிருந்து இசை வந்தது வெள்ளி, சனி இரவுகளில் மட்டுமே. மற்ற இரவுகளில் எங்களை எழுப்பியது, விடுதி மூடும் வேளையில் கிளம்பும் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சல். விடுதியின்மேல் நாங்கள் ஏற்றிய இரண்டு இரவுகளின் பாட்டு, பின்தெருத் திருமண மண்டபத்திலிருந்து வந்தது! அவ்விரண்டையும் அடித்துவிட்டோம்.

இந்நெறி இங்கிலாந்தின் சட்டத்திலேயே அமைந்திருக்கிறது. அங்கும் வேல்சிலும் நடைமுறையிலுள்ள 2003ஆம் ஆண்டு உரிமச் சட்டம், மது விற்கும் உரிமத்தை நான்கு நோக்கங்களைக் கொண்டே ஆராயச் சொல்கிறது: குற்றமும் குழப்பமும் தடுத்தல், பொதுமக்களின் பாதுகாப்பு, பொதுத் தொல்லை தடுத்தல், சிறுவர்களைத் தீங்கினின்று காத்தல். குடிப்பது தீது என்பது மட்டும் அங்கே போதிய காரணமாகாது; என் முதல் மனு அங்கும் தள்ளப்பட்டிருக்கும். ஆனால் இரைச்சலைச் சான்றுடன் காட்டினால், வழங்கிய உரிமத்தையும் மறு ஆய்வு செய்யலாம். நகராட்சி மன்றம் நேரத்தைக் குறைக்கலாம், நிபந்தனை விதிக்கலாம், மூன்று மாதம் வரை நிறுத்தி வைக்கலாம், அறவே நீக்கவும் செய்யலாம்.

எல்லா வழக்கும் எளிதன்று. மான்செஸ்டர் நகரில் 1991 முதல் புகழ்பெற்று விளங்கும் 'நைட் அண்ட் டே' என்னும் இசைக்கூடத்திற்கு, அண்டை வீட்டாரின் முறையீட்டின்பேரில் 2021இல் மன்றம் இரைச்சல் தடுப்பு அறிவிப்பு அனுப்பியது. இசைக்கூடம் வழக்காடிற்று. 2024இல் நீதிமன்றம் அறிவிப்பை நீக்கவில்லை, திருத்தி அமைத்தது. இசைக்கூடம் மூடப்படவில்லை, பின்னிரவு நடன இசையின் ஒலிக்கே வரம்பு வகுக்கப்பட்டது.

நாங்கள் குறிப்பேடு எழுதிவந்த நாட்களில், அவ்விடுதியில் தட்டுக் கழுவும் இளைஞன் ஒருவன், என்னிடம் படித்தவன், வழியில் என்னை நிறுத்தி, "சார், கடையை மூடிவிடுவார்களா?" என்று கேட்டான். அவன் வருமானத்தில் நான்கு பேர் உண்டனர். ஆதலால் எங்கள் இரண்டாம் மனு, விடுதியை மூடுக என்று கேட்கவில்லை. பத்து மணிக்குப் பின் மாடியில் ஒலிபெருக்கி வேண்டாம், வண்டிகளை ஒழுங்குபடுத்த வாயிலில் ஓர் ஆள் வேண்டும் என்று மட்டுமே கேட்டது. அது ஒரே பக்கம். ஒன்பது நாளில் ஒலிபெருக்கி கீழே இறங்கியது. வண்டிகளின் தொல்லை குறைந்ததேயன்றி முற்றும் நீங்கவில்லை.

ஆயினும் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். ஒலிபெருக்கி இறங்கியபோது அடுத்த வீட்டுப் பெண்ணின் தேர்வு முடிந்துவிட்டது. என் மூன்று பக்கச் சொற்பொழிவினால் கழிந்த வாரங்கள் அவளுடையவை. மாணவர்களே, நாளை நீங்களும் பிறர்க்காக மனு எழுதுவீர்கள். அப்போது நாளையும் மணியையும் முதலில் எழுதுங்கள்.