பாஸ்புக்கில் ஒரு வரி

தமிழில் வரி என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஊருக்குக் கட்டுவதும் வரி, தாளில் எழுதுவதும் வரி. வில்பட்டிக்காரர் ஒருவர் வீட்டு வரியைக் கைபேசியில் கட்டிவிட்டு, கொடைக்கானல் வங்கிக்குப் போய் பாஸ்புக்கில் என்ட்ரி போட்டு வாங்கும்போது, இந்த இரண்டு வரிகளும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கட்டிய வரி எது, அச்சான வரி எது என்று பொருத்திப் பார்ப்பதில்தான் பலருக்கும் திணறல்.

வில்பட்டி, திண்டுக்கல் மாவட்டம் கொடைக்கானல் ஒன்றியத்து ஊராட்சி. நகரிலிருந்து வடக்கே சில கிலோமீட்டர் போனால் படிக்கட்டாக வெட்டிய வயல்கள், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ். பக்கத்து அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். மேலே இருக்கும் கொடைக்கானலோ 1899-லேயே நகராட்சி ஆன ஊர். நகராட்சி எல்லை எங்கே முடிந்து ஊராட்சி எல்லை எங்கே தொடங்குகிறது என்பது பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாது. கட்டும் வரியில் தெரியும். வில்பட்டியில் வீடும் நகரத்தில் ஒரு சின்னக் கடையும் வைத்திருக்கும் குடும்பம் இரண்டு உள்ளாட்சிகளுக்கு, இரண்டு சட்டங்களின்படி, இரண்டு வெவ்வேறு கால அட்டவணையில் பணம் கட்டுகிறது. ஊராட்சி நடப்பது 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி. நகராட்சி நடப்பது நகர்ப்புற உள்ளாட்சிகள் சட்டப்படி. பாஸ்புக்குக்கு இந்த வித்தியாசம் எதுவும் கிடையாது. அதற்குத் தெரிந்தது தேதி, தொகை, மிச்சம்.

அப்படி ஒரு வீட்டில் தாயும் மகனும் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம்.

“ஏப்பா, வீட்டு வரி 500-ன்னுதானே சொன்னாங்க? பேங்க்காரன் 550 எடுத்திருக்கானே?”

“அந்த 50-ஐ பேங்க் எடுக்கலம்மா. நூலக வரி.”

மகன் சொன்னது சரி. வீட்டு வரி ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரி சேர்கிறது. 500-க்கு 50. ரசீதில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். பாஸ்புக்கில் ஒரே தொகையாகத்தான் விழும். தொகை ஏன் இப்படி ஒட்டாமல் இருக்கிறது என்று குழம்புகிறவர்களுக்கு, பெரும்பாலும் இந்தப் பத்தில் ஒரு பங்குதான் விடை.

இந்த 50 ரூபாயின் கதையைச் சற்று நின்று கேட்கலாம். 1948-இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் அதுதான். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன், கணிதம் கற்பித்துக்கொண்டிருந்து 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர், இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார். அப்போது கல்வி அமைச்சராக இருந்தவர் தி.சு. அவினாசிலிங்கம். நூலகத்துக்கு அரசு மனமிரங்கி மானியம் கொடுக்கட்டும் என்று காத்திராமல், வீட்டு வரியோடு ஒரு சிறு பங்கைச் சேர்த்து வாங்கும் ஏற்பாடு அந்தச் சட்டத்தில் இருந்தது. முதலில் மிகச் சிறிய பங்கு, பிறகு படிப்படியாக ஏறி இன்று ரூபாய்க்கு 10 காசு. ஊராட்சி இதை வசூலிக்கிறது, ஆனால் இது ஊராட்சிப் பணம் இல்லை. மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போய்ச் சேர வேண்டிய பணம். பாஸ்புக்கில் பெயர்கூட அச்சாகாத அந்த 50 ரூபாய்தான் எங்கோ ஒரு கிளை நூலகத்தில் செய்தித்தாளாகவும் புத்தகமாகவும் ஆகிறது.

சரி, 550 வந்த கணக்கு புரிந்தது. ‘வில்பட்டி ஊராட்சி’ என்ற பெயர் அந்த வரியில் ஏன் இல்லை?

தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் வரி கட்ட, 2023-இல் ஊரக வளர்ச்சித் துறை ஒரே இணையதளத்தைத் தொடங்கியது. வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தொழில் வரி, உரிமக் கட்டணம் எல்லாம் அதே வாசலில். அங்கே யு.பி.ஐ. வழியாகவோ கார்டு வழியாகவோ கட்டும் பணம், இடையில் ஒரு பணப் பரிமாற்ற நிறுவனத்தின் கையைத் தொட்டுவிட்டுத்தான் ஊராட்சிக் கணக்குக்குப் போகிறது. வங்கி பாஸ்புக்கில் அந்த இடைநிலை நிறுவனத்தின் பெயரோ, துறையின் பெயர்ச் சுருக்கமோ, பாதியில் வெட்டுப்பட்ட சில எழுத்துகளோதான் வரக்கூடும். அதைப் பார்த்துப் பதறுவதில் தவறில்லை. முன்பின் தெரியாத பெயரில் பணம் போயிருந்தால் யாருக்கும் பதற்றம் வரத்தான் செய்யும். பணம் எந்தப் பாதையில் போனது என்பதை மட்டுமே வங்கி எழுதுகிறது. எதற்காகப் போனது என்று எழுத வேண்டியது ஊராட்சி.

யு.பி.ஐ. வரியில் ஒரு 12 இலக்க எண் இருக்கும். பெயர் வெட்டுப்பட்டாலும் அந்த எண் வெட்டுப்படாது. அதை வாசிக்கவும் ஒரு வழி இருக்கிறது. பெரும்பாலும் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம். அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. 5274 என்று தொடங்கினால் 2025-இன் 274-ஆம் நாள், அதாவது அக்டோபர் 1. பாஸ்புக்கில் தேதி ஒன்றிரண்டு நாள் தள்ளி அச்சாகியிருந்தாலும் கட்டிய நாள் எது என்று இந்த நான்கு இலக்கங்கள் சொல்லிவிடும். வங்கியில் புகார் கொடுக்கப் போகிறவர் வேறு எதை மறந்தாலும் இந்த எண்ணை மறக்கக் கூடாது.

ஊராட்சிப் பக்கத்தில் இதற்கு ஈடான எண், வரி விதிப்பு எண். வீட்டு வரி ரசீதில் இருக்கும். அந்த எண்ணுக்கு நேரே ஊராட்சியில் ஒரு பதிவேடு உண்டு. கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று கட்டம். இவ்வளவு கட்ட வேண்டும், இவ்வளவு கட்டினார், இவ்வளவு பாக்கி. பாஸ்புக்கில் 550 பற்று விழுந்து, பதிவேட்டில் வசூல் கட்டம் காலியாகவே இருந்தால், அந்த வீடு ஊராட்சியைப் பொறுத்தவரை இன்னும் கட்டாத வீடுதான். கட்டியவர் வங்கித் தாளை எவ்வளவு நீட்டினாலும், பதிவேட்டில் ஏறாதவரை வேலை முடியவில்லை. மின் இணைப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் கேட்பது வீட்டு வரி ரசீதை. பாஸ்புக்கை யாரும் கேட்பதில்லை. ரொக்கமாகக் கட்டியவருக்கோ பாஸ்புக்கில் ஒரு எழுத்தும் இருக்காது, ரசீதுதான் எல்லாம்.

ஊராட்சியின் தலையில் விழும் பழிகளில் பாதி உண்மையில் வேறு யாருடையதோ. பாஸ்புக்கில் 17 ரூபாய் 70 காசு என்று ஒரு பற்று வருகிறதா? 15 ரூபாயோடு 18 சதவீத ஜி.எஸ்.டி.யைச் சேர்த்தால் 17.70. வங்கி தன் குறுஞ்செய்திச் சேவைக்கு எடுக்கும் பணம் இந்த மாதிரிதான் இருக்கும். 59, 118, 236, 295 என்ற தொகைகளும் அதே அச்சில் வார்த்தவை: 50, 100, 200, 250-உடன் 18 சதவீதம். ஏ.டி.எம். கார்டின் ஆண்டுக் கட்டணம், தவணை திரும்பியதற்கான அபராதம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம், ஆனால் எடுத்தது வங்கி. வீட்டு வரியில் ஜி.எஸ்.டி. கிடையாது. மே மாதக் கடைசியில் 20 ரூபாயும் 436 ரூபாயும் போயிருந்தால் அவை பிரதமரின் பெயரில் உள்ள விபத்துக் காப்பீடு, ஆயுள் காப்பீடு இரண்டின் ஆண்டுப் பிரீமியம். எப்போதோ வங்கியில் கையெழுத்துப் போட்டது ஆண்டுதோறும் தானாக நடக்கிறது. வயதானவர்கள் பலர் இந்த 436-ஐத் தண்ணீர் வரி என்று நினைத்துக்கொள்வதற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. யாரும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததில்லை.

நகரத்துக் கடைக்கான சொத்து வரியில் கணக்கு வேறு. வில்பட்டி வீட்டு வரி நிதியாண்டுக்கு ஒரு முறை. நகராட்சியில் அரையாண்டுக்கு ஒரு முறை. அரையாண்டு ஏப்ரலிலும் அக்டோபரிலும் தொடங்குகிறது. முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் சொத்து வரியில் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். அரையாண்டு வரி 2,400 என்றால் 120 குறைந்து 2,280. இதே வரியைத் தாமதமாகக் கட்டினால் மாதத்துக்கு 1 சதவீதம், அதாவது 24 ரூபாய் கூடும். ஒரே கடை, ஒரே வரி, ஆனால் பாஸ்புக்கில் ஒரு அரையாண்டு ஒரு தொகை, அடுத்த அரையாண்டு வேறு தொகை. வரியை ஏற்றிவிட்டார்கள் என்று எழும் சத்தத்தில் ஒரு பகுதிக்கு இந்த 120-உம் 24-உம்தான் காரணம்.

கடல் கடந்தாலும் இந்தக் குழப்பம் தமிழர்களை விடுவதில்லை. யாழ்ப்பாணத்தில் இதே வரிக்குச் சோலை வரி என்று அழகான பெயர். இலண்டன் ஈஸ்ட் ஹாமில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் வங்கித் தாளில் கவுன்சில் டேக்ஸ் பொதுவாக ஏப்ரல் தொடங்கி ஜனவரி வரை பத்துத் தவணையாகப் போகும். பிப்ரவரி, மார்ச்சில் எதுவும் போகாது. முதல் ஆண்டு, வரி நின்றுவிட்டதாக நினைத்துவிடுவார்கள், ஏப்ரலில் திரும்ப வரும். அங்கேயும் அந்த ஒற்றைத் தொகைக்குள் இலண்டன் மாநகர மேயரின் பங்கு, காவல் துறைக்கும் தீயணைப்புக்கும் போவது, ஒளிந்திருக்கிறது. நம் நூலக வரி மாதிரி.

வில்பட்டிக்குத் திரும்பினால், மிகப் பெரிய கவலை இது: கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, ரசீது வரவில்லை. மழை நாளில் மலையில் கைபேசிச் சிக்னல் பாதியில் அறுந்தால் இப்படி நேர்வது சகஜம். அன்று சாயங்காலமே மறுபடி கட்டிவிடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. முதலில் இணையதளத்தில் வரி விதிப்பு எண்ணைப் போட்டு நிலுவை குறைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ரசீதை அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். குறையவில்லை என்றால் காத்திருக்க வேண்டும். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, கணக்கில் பற்று விழுந்து வணிகத் தரப்புக்கு உறுதிப்பாடு போகாமல் நின்ற யு.பி.ஐ. பணம் 5 நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. கேட்டால்தான் கிடைக்கும் என்றில்லை, வங்கி தானே தர வேண்டும். தராத வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் பார்த்துவிட்டு, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க எண் 14448.

கட்டவே இல்லாத ஒன்றுக்குப் பணம் போயிருந்தால் அது வேறு. ‘உங்கள் குடிநீர் இணைப்பு இன்றிரவு துண்டிக்கப்படும்’ என்று வரும் குறுஞ்செய்தியில் உள்ள சுட்டியைத் தொட்டவர்களுக்கு இது நேரலாம். ஊராட்சி வரி கட்டும் அரசுத் தளத்தின் முகவரி டி.என். டாட் ஜி.ஓ.வி. டாட் இன் என்றுதான் முடியும். ஏமாந்தது தெரிந்த அந்த நிமிடமே 1930-க்கு அழைக்க வேண்டும், வங்கிக்கும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் மேலும் வங்கி மேலும் தவறில்லாத மோசடியை 3 வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பு இல்லை என்பது 2017 முதல் உள்ள விதி. ஓ.டி.பி.யைத் தானே சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நேரம் வரையிலான இழப்பு அவருடையது. அதனால் வெட்கப்பட்டு ஒளித்து வைக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு.

வங்கியிடம் கேட்பது இப்படி. ஊராட்சியிடம்? திண்டுக்கல் மாவட்டத்தில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். தலைவர் இல்லை, யாரிடம் கேட்பது என்று யாரும் தயங்க வேண்டியதில்லை. பதிவேடு ஊராட்சி செயலரிடம் இருக்கிறது. வாயால் கேட்டு விடை வரவில்லை என்றால் 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டப்படி எழுதிக் கேட்கலாம், 30 நாளில் பதில் வர வேண்டும். கிராம சபை ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியின் வரவு செலவு அங்கே வாசிக்கப்படும். மற்றவர்கள் வேலை வெட்டி முடிந்து வந்து சேர்வதற்குள், அந்தத் தாய் பாஸ்புக்கையும் ரசீதையும் ஒரே மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். வீட்டு வரி வசூல் இவ்வளவு என்று செயலர் வாசிக்கும்போது, அதில் தன் 500 இருக்கிறதா என்று எழுந்து கேட்கலாம். நூலகத்துக்கு அனுப்பிய தொகை எவ்வளவு என்று அடுத்த கேள்வியையும் கேட்டுவிடலாம்.