கண்மாய் நிறைந்தால்தான் கிணறு ஊறும்

(58 கிராமக் கால்வாய்க் கோரிக்கை விளக்கக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் ஆற்றிய உரை)

 

கோரிக்கையை முதலில் சொல்லிவிடுகிறோம், பிறகு விளக்கம். வைகை அணையில் 58 கிராமக் கால்வாய்க்குத் தண்ணீர் ஏறும் மட்டம் வந்த அன்றைக்கே மதகைத் திறக்க வேண்டும். அதற்கு வருசா வருசம் மனு, மறியல், தனி ஆணை என்று இழுக்காமல், ஒரே நிரந்தர அரசாணையாகப் போட வேண்டும். இவ்வளவுதான்.

இது ஏதோ வயக்காட்டு மடைக்குத் தண்ணீர் கேட்கிற சண்டை என்று வெளியில் நினைக்கிறார்கள். மனு கொடுக்கப் போன இடத்தில் ஒரு அதிகாரி நம்மிடம் கேட்டார்: "உங்க திட்டத்துல மொத்த ஆயக்கட்டே 2,285 ஏக்கர்தானேய்யா, இதுக்கா இவ்வளவு சத்தம்?" கணக்கு சரிதான். நிலக்கோட்டைப் பக்கம் 373 ஏக்கர், நம்ம உசிலம்பட்டிப் பக்கம் 1,912 ஏக்கர். பெரியாறு பாசனத்தில் இருபோகம் 45,041 ஏக்கர், ஒருபோகம் 1,05,002 ஏக்கர் என்று வைத்திருக்கிறவர்களுக்கு இது கைப்பிடி நிலம்தான். ஆனால் அந்த 2,285 ஏக்கர் என்பது கண்மாய் மடையில் நேராகப் பாய்கிற நிலம் மட்டும். கண்மாய்க்குக் கீழேயும் பக்கத்திலேயும் கிணறு வைத்து மல்லிகையும் பருத்தியும் தக்காளியும் போடுகிறவன் எந்தக் கணக்கில் இருக்கிறான்? எதிலும் இல்லை. ஊர்த் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிற ஊராட்சி போர் எந்தக் கணக்கில் இருக்கிறது? அதுவும் இல்லை. நாம் கேட்கிற தண்ணீரின் பெரும்பயன் அந்தக் கிணறுகளுக்குத்தான். இதைப் புரியவைக்காமல் நாம் எத்தனை மறியல் செய்தாலும் "கொஞ்சம் பேர் பிரச்சினை" என்றுதான் எழுதுவார்கள்.

நம்ம பூமி எப்படிப்பட்டது? மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே சரளையும் சிதைந்த பாறையும், அதற்கும் கீழே கெட்டிப் பாறை. தஞ்சாவூர் மாதிரி ஆழம் வரைக்கும் மணல் கிடையாது. தண்ணீர் தங்குகிற இடம் என்றால் அந்தச் சிதைந்த பாறையும், கெட்டிப் பாறையில் இருக்கிற வெடிப்புகளும்தான். நம்ம தாத்தன் காலத்துக் கமலைக் கிணறு நாற்பது, ஐம்பது அடியில் அந்தச் சிதைந்த பாறையில்தான் ஊத்து எடுத்தது. மழை பெய்தால் ஏறும், கோடையில் இறங்கும், மறுபடி ஏறும். இன்றைக்கு எண்ணூறு அடி, ஆயிரம் அடி என்று போர் போடுகிறோம். ஆழத்தில் பெரிய ஏரி இருக்கிறது என்று போர்வண்டிக்காரன் சொன்னால் நம்ப வேண்டாம். அங்கே இருப்பது வெடிப்பில் தேங்கிய கொஞ்சத் தண்ணீர். மேலேயிருந்து புதுத் தண்ணீர் இறங்கினால்தான் அது மறுபடி நிறையும். தோட்டத்து நகையை அடகு வைத்துப் போட்ட போர் ரெண்டு வருசத்தில் புகை விடுவதற்குக் காரணம் நம்ம ராசி கிடையாது, மேலேயிருந்து இறங்க வேண்டிய தண்ணீர் இறங்கவில்லை என்பதுதான்.

அந்தத் தண்ணீரை இறக்குகிற வேலையைச் செய்துவந்தது கண்மாய். முன்னோர் வெட்டிய கண்மாயை மடைக்கும் கலுங்குக்கும் மட்டுமான ஏற்பாடு என்று பார்க்காதீர்கள். ஒரு கண்மாயில் தண்ணீர் நின்றால் எவ்வளவு கீழே இறங்கும் என்பதற்கு அரசாங்கமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. மத்திய அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டுக் குழு 1997-ல் போட்ட விதி: தண்ணீர் நிற்கிற நாளெல்லாம், நிற்கிற பரப்பில், நாளொன்றுக்கு 1.4 மில்லிமீட்டர். கேட்டால் சின்னதாகத் தெரியும். பென்சில் எடுத்துப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் தண்ணீர்ப் பரப்பில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 5,600 லிட்டர் பூமிக்குள் போகிறது. நூறு ஏக்கரில் தண்ணீர் தொண்ணூறு நாள் நின்றால் ஐந்து கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் டேங்கர் லாரியில் கொண்டுவந்தால் ஐயாயிரம் லாரி. இது ஒரே ஒரு கண்மாயின் கணக்கு. 58 கால்வாயில் முப்பதுக்கும் மேற்பட்ட கண்மாய் இருக்கிறது.

"கண்மாய்க்கு விட்டால் கசிந்து வீணாகிறது" என்று சிலர் பேசுகிறார்கள். வீணாக எங்கே போகிறது? நம்ம கிணத்துக்குத்தான் போகிறது.

இப்போது கால்வாய்க்கு வருவோம். 1990-களில் தொடங்கிய வேலை. மண்ணை வெட்டி, பாறையை உடைத்து, தூண் நிறுத்தித் தொட்டிப் பாலம் கட்டி, சோதனைக்குத் தண்ணீர் விட்டது 2018-ல். தொடங்கும்போது பிறந்த பிள்ளை வாக்குப்போடும் வயதுக்கு வந்துவிட்டது. அன்றைக்குக் கால்வாயில் தண்ணீர் வருவதைப் பார்க்க ஊர் ஊராகக் கரையில் நின்றோம், பூத் தூவினோம், குலவை போட்டோம்.

ஆனால் இந்தக் கால்வாயில் ஒரு சிக்கல் இருக்கிறது. அணையின் முழு உயரம் 71 அடி. நம்ம கால்வாய் மேட்டு நிலத்துக்குப் போவதால் அதன் வாய் உயரத்தில் இருக்கிறது. 67 அடி தண்ணீர் நின்றால்தான் நமக்கு வரும். அதே அணையில் 66 அடி வந்தால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது, அதன்பிறகு உபரித் தண்ணீரை ஆற்றில் திறப்பார்கள். அதாவது கரையோர மக்களுக்குச் சங்கு ஊதுகிற நேரம்தான் நமக்குத் தண்ணீர் கிடைக்கிற நேரம். ரெண்டு, மூன்று அடி உயரத்துக்குள் நம்ம பிழைப்பு நிற்கிறது. மட்டம் 67-ஐத் தொட்ட பிறகு கோப்பு மதுரையிலிருந்து சென்னைக்குப் போய், கையெழுத்தாகித் திரும்புவதற்குள் மட்டம் இறங்கிவிட்டால் அந்த வருசம் முடிந்தது.

தண்ணீர் விட்ட வருடங்களில் என்ன அளவு சொன்னார்கள்? விநாடிக்கு 150 கன அடி, மொத்தம் 300 மில்லியன் கன அடி. 150 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் கிட்டத்தட்ட 13 மில்லியன் கன அடி. அப்படியானால் 300 மில்லியன் வருவதற்கு 23 நாள் வேண்டும். ஒரு வாரம் தாமதமானால் 90 மில்லியன் போயிற்று. அதில் அடிபடுவது யார்? உத்தப்பநாயக்கனூர் தாண்டி, கிளைக் கால்வாயின் கடைசியில் இருக்கிற கண்மாய்க்காரன். முன்னால் இருக்கிற கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்த பிறகுதான் அவனுக்குத் தண்ணீர். ஆகவே தலைமடை ஊர்க்காரர்கள் நமக்கு வந்துவிட்டது என்று ஒதுங்கிவிடக் கூடாது.

ராமநாதபுரம், சிவகங்கை விவசாயிகளின் பங்கில் நாம் கை வைக்கிறோம் என்று ஒரு பேச்சைக் கிளப்பி விடுகிறார்கள். அவர்களும் நம்மைப்போலக் கண்மாயை நம்பிப் பிழைக்கிறவர்கள், நம்ம சொந்தக்காரர்கள். அணையின் கொள்ளளவு ஆறாயிரம் மில்லியன் கன அடிக்குச் சற்று மேல். நாம் கேட்பது அதில் இருபதில் ஒரு பங்குகூட வராது, அதுவும் அணை ததும்புகிற நேரத்தில். இதை அந்த மாவட்டச் சங்கத்தாரிடம் நேரில் போய்ச் சொல்வோம்.

சரி, அணை நிறையாத வருசத்தில் என்ன செய்வது? அப்போதும் வானம் பெய்கிற மழை இருக்கிறது. நம்மைவிட மழை குறைந்த குஜராத்தின் சௌராஷ்டிரத்தில், அதுவும் பாறை பூமிதான், 1980-களின் கடைசியில் வந்த கடும் வறட்சிக்குப் பிறகு விவசாயிகள் வயலில் ஓடுகிற மழைத் தண்ணீரைத் தங்கள் கிணற்றிலேயே இறக்கினார்கள். ஒருவர் செய்து, பக்கத்துக்காரர் பார்த்து, ஊரே செய்தது. அதைப் பார்த்துத்தான் மத்திய அரசு 2007-08-ல் பாறைப் பகுதி மாநிலங்களுக்குத் திறந்த கிணறு செறிவூட்டும் திட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாடும் அதில் இருந்தது. சிறு, குறு விவசாயிக்குக் கிணற்றுக்கு 4,000 ரூபாய் முழு மானியம். இன்றைய விலைவாசிக்கு ஏற்ற தொகையுடன் அப்படி ஒரு திட்டம் மறுபடி வேண்டும் என்பது நம்முடைய இரண்டாவது கோரிக்கை.

முறை எளிதுதான். வயலின் தாழ்ந்த மூலையில் குழி எடுத்து, அடியில் பெருங்கல், அதன்மேல் ஜல்லி, மேலே மணல் போட்டு, அடியிலிருந்து ஒரு குழாயைக் கிணற்றுக்குள் விட வேண்டும். அதற்கு முன்னால் வண்டல் தங்க இன்னொரு சின்னக் குழி. கலங்கல் தண்ணீரை நேராகப் போருக்குள் விடாதீர்கள், வெடிப்பு அடைத்துக்கொள்ளும். மருந்து தெளித்த கையோடு வருகிற தண்ணீரையும் சாக்கடைத் தண்ணீரையும் விடவே கூடாது. அதைத்தான் நம்ம பிள்ளைகள் குடிக்கும்.

மூன்றாவது கோரிக்கை வரத்துக்கால். கால்வாயில் தண்ணீர் வந்தும் கண்மாய்க்குள் போகாமல் சீமைக்கருவேலத்துக்குள் தேங்கி நின்றால் என்ன பிரயோசனம்? நூறு நாள் வேலை என்று நாம் சொல்கிற ஊரக வேலைத் திட்டத்தில் முதல் வேலையாக வரத்துக்காலை எடுக்கச் சொல்லி ஒவ்வொரு கிராம சபையிலும் தீர்மானம் போடுங்கள். கண்மாய் வண்டல் எடுக்கும்போது எல்லா இடத்திலும் சமமாக எடுக்கச் சொல்லுங்கள். அடியில் படிந்த வண்டல்தான் கசிவை அடைக்கிறது. ஓரத்தில் பள்ளம் பறித்து மண் விற்கிறவனுக்கு நாம் துணை போகக் கூடாது. வரத்துக்காலை மடக்கி வேலி போட்டிருப்பவர் நம்ம சங்கத்து ஆளாக இருந்தாலும் எடுத்துத்தான் ஆக வேண்டும். இதில் சங்கம் யாருக்காகவும் பேசாது.

கடைசியாக ஒரு வேலை. அதிகாரி கணக்குக் கேட்டால் நாமும் கணக்கோடு போவோம். திறந்த கிணறு வைத்திருக்கிற ஒவ்வொருவரும் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்று மேட்டிலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். காலையில், மோட்டார் போடுவதற்கு முன்னால் அளக்க வேண்டும். சர்வே எண், கிணற்றின் மொத்த ஆழம், பக்கத்தில் எந்தக் கண்மாய், அதில் தண்ணீர் இருந்ததா இல்லையா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளிடம் நோட்டைக் கொடுத்தால் அழகாக எழுதித் தருவார்கள். ஐப்பசிக்கு முந்தைய அளவும் தை மாதத்து அளவும் கட்டாயம் வேண்டும். அந்த நோட்டுகளின் நகலை இணைத்துத்தான் அடுத்த மனுவைக் கொடுக்கப் போகிறோம். ஊர்க் கிளைச் செயலாளர்கள் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது வாங்கி வாருங்கள்.