நோக்கம் மாறாது, வழி மாறலாம்
(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு பிரச்சினை எழுந்தால், "இதுவரை எப்படிச் செய்தோம்?" என்றே நாம் முதலில் கேட்கிறோம். அது தவறன்று, முன்னோரின் அனுபவம் நமக்குப் பெருஞ்செல்வம். ஆனால் பழைய வழி அடைபட்ட பின்னும் அதன் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தால் இழப்பு நமக்கே. இதனை விளக்கும் ஒரு வரலாற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

1971-ஆம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். மேற்கு வங்க எல்லையிலுள்ள பங்காவ் பகுதி முகாம்களில் காலரா பரவியது. காலராவில் உயிரைப் பறிப்பது, உடலின் நீரும் உப்பும் வற்றிப்போவதே. நரம்பின் வழியே சலைன் ஏற்றுவதுதான் அன்றைய மருத்துவ முறை. ஆனால் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றத் தெரிந்த கைகளும் போதவில்லை. நோயாளிகள் தரையில் கிடந்தனர்.

அங்குப் பணியாற்றிய டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோஸும் சமையல் சோடாவும் கரைத்த நீரை வாய்வழியே புகட்டச் செய்தார். குளுக்கோஸ் சேர்ந்தால் குடல் உப்பையும் நீரையும் ஈர்த்துக்கொள்ளும் என்பது ஆய்வாளர்கள் முன்பே அறிந்ததுதான்; 1968-இல் டாக்காவில் சோதித்தும் பார்த்திருந்தனர். ஆனால் அது மருத்துவர்களின் நேரடிக் கண்காணிப்பில் நடந்தது. மகலனாபிஸோ அப்பொறுப்பை நோயாளியின் தாயிடமும் உடன்பிறந்தாரிடமும் ஒப்படைத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த மரணம், அவரது முகாமில் நான்குக்கும் கீழே இறங்கியது. மருத்துவ உலகில் பலர் இதை உடனே ஏற்கவில்லை. எனினும் உண்மை நின்றது. 2022-இல் மறைந்த அவருக்கு 2023-இல் பத்ம விபூஷண் விருது வழங்கப்பட்டது.

இங்கே மருந்து புதிதன்று. எளிய மக்கள் மீது வைத்த நம்பிக்கையே புதிது.

பின்னர், 1980 முதல் 1990 வரை வங்கதேசத்தில் பிராக் என்னும் தொண்டு நிறுவனத்தின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்றனர். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரைச் சேர் நீர் என்று தாய்மார்களுக்குச் செய்து காட்டினர். தாய்மார்கள் கற்றுக்கொண்டார்கள், ஆனால் பலர் பயன்படுத்தவில்லை. நிறுவனத்தார் மக்களைக் குறை கூறவில்லை, காரணத்தைத் தேடினர். வீட்டு ஆண்களிடம் எவரும் பேசவில்லை என்பது தெரிந்தது. உடனே சந்தைகளிலும் பள்ளிவாசல்களிலும் ஆண்களைச் சந்தித்து விளக்கினர். பத்தாண்டுகளில் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல் அச்செய்தி சென்றது.

இத்தனை வெற்றி கண்ட கரைசலையும் அப்படியே விட்டுவிடவில்லை. இன்னும் நற்பயன் தரும் என்று ஆய்வுகள் காட்டியதால், 2002-இல் உலக சுகாதார நிறுவனம் உப்பையும் குளுக்கோஸையும் குறைத்துப் புதிய அளவைப் பரிந்துரைத்தது. உயிர்காத்தல் என்னும் நோக்கம் மாறவில்லை, அளவு மாறியது.

அன்பர்களே! நம் மஹல்லாவுக்கும் இதில் பாடம் உண்டு. உதவித்தொகை கொடுத்தும் ஒரு பிள்ளை பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டால், "நாம் கொடுத்தாயிற்று, அவர்களுக்கு அக்கறையில்லை" என்று கோப்பை மூடிவிட வேண்டாம். அப்பிள்ளையின் தாயிடம் சென்று கேட்போம். தடை பணமாகவும் இருக்கலாம். மாலையில் அமர்ந்து படிக்க இடமின்மையாகவும் இருக்கலாம். தடை எதுவோ அதற்கேற்ற வழியைத் தேடுவோம். முதலில் ஒரு தெருவில் செய்து பார்ப்போம். பயன் தந்தால் விரிப்போம், தராவிட்டால் மாற்றுவோம். நம் கூட்டங்களில் ஓர் இளைஞர் புதிய யோசனை சொன்னால், அவர் வயதைப் பாராமல் சொல்லை எடை போடுவோம்.

கல்வி வேண்டும் என்பதில் நாம் உறுதியாக நிற்போம். அதற்குச் செல்லும் பாதையில் பிடிவாதம் வேண்டாம்.