ஆள் போனாலும் ஏற்பாடு போகவில்லை

(புந்தோங் தொழிலாளர் கூட்டத்தில் தோட்டக் கிராணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



துரை பொல்லாதவர், கங்காணி கொடியவர் என்று பேசிக் கலைவது எளிது. ஆனால் துரைகள் மாறினார்கள், கங்காணிகள் மறைந்தார்கள், தோட்டங்களே கைமாறின. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் இந்தப் புந்தோங்கில் எத்தனை! ஆள் போன பிறகும் நம் கஷ்டம் ஏன் போகவில்லை? பணமும் அதிகாரமும் ஆளிடம் மட்டும் இருப்பதில்லை. அவை ஏட்டிலும் விதியிலும் வழக்கத்திலும் குடியேறிவிடுகின்றன.

கங்காணியைப் பாருங்கள். ஊரிலிருந்து ஆள் கட்டி வந்தார். தம் ஆட்கள் வேலைக்கு வந்த நாளுக்கெல்லாம் தலைக்காசு பெற்றார். காய்ச்சலில் கிடந்தவனை எழுப்பிவிட்டால் அவருக்கு வரும்படி. நல்ல மனிதரையும் அப்படி நடக்கச் செய்தது அந்த ஏற்பாடு.

1907இல் குடியேற்ற நிதி பிறந்தது. முதலாளிகள் பணம் கட்டினார்கள். அதிலிருந்து நம் முன்னோருக்குக் கப்பல் செலவு கொடுக்கப்பட்டது. நிதியை நடத்திய கமிட்டியில் அரசாங்க அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் அமர்ந்தார்கள். பின்னர் அதே கமிட்டி கூலியையும் நிர்ணயித்தது. ஆளை வரவழைத்த கையே கூலியையும் அளந்தது! ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் அது 40, 32 ஆயிற்று. விலையை வீழ்த்தியது நாமா? பெண் சுமந்த பால் வாளி மட்டும் கனம் குறைந்ததா? ஏட்டில் எழுதியாயிற்று, அதுவே நியாயம் என்றாயிற்று.

பணம் இப்படி என்றால், அதிகாரம் சைக்கிளில் கூட ஏறிக்கொண்டது. துரையைக் கண்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கவேண்டியிருந்தது. அது சட்டமல்ல, வழக்கம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு இந்த வழக்கம் ஒழியவேண்டும் என்றும் கேட்டார்கள். அவர்களை வழிநடத்திய ஆர். எச். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர் துறந்தனர். சைக்கிளுக்காகவா இத்தனை? இல்லை, குனிந்த முதுகு நிமிர்ந்தால் கூலிக் கணக்கும் நிமிரும் என்று ஆண்டவர்களுக்குத் தெரியும்.

கிராணிகளாகிய நாங்களும் இந்த ஏற்பாட்டுக்கு வெளியே இல்லை. செக்ரோலில் எங்கள் பேனா போடும் கோடுதான் ஒரு குடும்பத்தின் அரிசி. கிராணிக்குத் தனி வீடு, தொழிலாளிக்கு லயம் என்று பிரித்ததும் தற்செயலல்ல. பிரிந்து நிற்பவர்களை ஆள்வது சுலபம்.

தனி மனிதன் கோபம் பொழுது சாய்ந்தால் தணியும். அமைப்பை எதிர்க்க அமைப்பே வேண்டும். அதனால்தான் 1954இல் சிதறிக் கிடந்த சங்கங்கள் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக இணைந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது, நமது பேராக்கின் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளியின் சிறுபணம் சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது!

ஆனால் ஒன்று, தோழர்களே. நமது அமைப்பிலும் பணம் சேரும், நாற்காலி இருக்கும். நாற்காலிக்கு நம்மவர், அயலார் என்ற பேதம் தெரியாது. ஆகவே கணக்கைக் கேளுங்கள். பொதுக்கூட்டத்துக்கு வாருங்கள். தேர்தலில் கை தூக்குமுன் யோசியுங்கள். வெட்டுக் கத்தியைத் தினம் தீட்டுகிறோம்; சங்கத்தையும் அப்படியே தீட்டவேண்டும். சந்தா கொடுத்தவன் கேள்வி கேட்கும்வரைதான் சங்கம் அவனுடையது!